குப்பியில் இருப்பது தண்ணீர் அல்ல

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம். இவற்றில் ஒன்றைக் கண்டால், புற்றுநோயா என்று பார்க்க வைத்தியர் அந்த இடத்தில் சிறிது சதையை வெட்டி ஒரு குப்பியில் போடலாம். அட்டன், நுவரெலியா பக்கம் பனியிலும் மழையிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வெற்றிலை பாக்குதான் துணை. அதனால் இந்தக் குப்பி நம் தோட்ட லயங்களுக்கு அந்நியமானதல்ல. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது.

குப்பியில் இருப்பது ஃபோர்மலின். கிள்ளிய கொழுந்து அந்த நிமிடமே மாறத் தொடங்கும். தேயிலை ஸ்டோரில் ட்ரையர் சூடு பட்டால்தான் அந்த மாற்றம் நிற்கும். வெட்டிய சதையும் அப்படித்தான், தன் நொதிகளாலேயே கரையத் தொடங்கும். ஃபோர்மலின் சதையின் புரதங்களைப் பின்னிப் பிடித்து, உடம்பில் இருந்தபடியே நிறுத்திவைக்கும். ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் புளூம் 1893இல் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்தபோது, தன் விரல் தோல் இறுகியதைப் பார்த்துத்தான் இந்தக் குணத்தைக் கண்டுகொண்டார். சதை கெட்டுப்போனால் மறுபடியும் ஓர் ஆளின் வாயில் கத்தி வைக்க வேண்டும்.

குப்பியை உங்கள் கையில் கொடுத்து ஆய்வுகூடத்தில் சேர்க்கச் சொன்னால் மூடியைத் திறக்காதீர்கள். ஃபோர்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். அதிலுள்ள ஃபோர்மல்டிஹைட்டும் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல், உடனே கொடுத்தவரிடமே திரும்பிப் போங்கள். சதையைப்போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் ஐஸ் அறையில் வைக்கவே கூடாது. பெயர், வயது, சதை எடுத்த இடம் எல்லாம் குப்பியில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று லயத்தில் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். அந்தப் பயத்தில் கழியும் மாதங்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

ஏன் வெட்டுகிறார்கள், முடிவு எப்போது வரும் என்று தமிழில் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தில் வாய்நோய்களுக்கென்றே நோயியல் பிரிவு இருக்கிறது. மாதிரி எங்கே போகிறது என்று கேட்டு, அதன் இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். மாதிரி தொலைந்தாலோ முடிவு வராமல் இழுத்தாலோ ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடலாம். பதிலில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். பாப் பரிசோதனையில் கண்ணாடித் தகட்டில் தடவிய செல்கள் காயுமுன் மதுசாரத்தில் நிலைநிறுத்தப்பட வேண்டும். காய்ந்தால் உருவம் சிதைந்துவிடும். மறுபடி வரச் சொன்னால் காரணம் இதுவாகவும் இருக்கலாம், நோய் என்று நடுங்க வேண்டாம். ஒரு நாள் பேரும் சம்பளமும் போகிறதே என்ற கவலை எனக்கும் புரிகிறது. 35 வயதானவர்கள் லயத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் கிளினிக் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.