ஐப்பசிக் கதவும் பங்குனிக் கதவும்

ஐப்பசி பிறந்ததும் நம் வீட்டுக் கதவுகளுக்குப் பிடிவாதம் வந்துவிடுகிறது. சித்திரையில் விரலால் தொட்டாலே சாத்திக்கொண்ட கதவு, அடைமழையின் நாலாம் நாள் தோள் கொடுத்து இடித்தாலும் அசைவதில்லை. உடனே வீட்டு எஜமானர் இழைப்புளியைத் தேடுகிறார். ஓரம் சீவப்படுகிறது, கதவும் பணிந்துவிடுகிறது. ஆனால் பங்குனி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி தாராளமாகப் போய்வர வழி பிறக்கிறது! சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தத் தச்சராலும் ஆகாது.

இந்த நஷ்டம் ஏன்? மரம், வெட்டுண்டு பலகையான பின்னும் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது. வெயிற்காலத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துச் சுருங்குகிறது. நீளவாட்டில் இந்த மாறுதல் மிக அற்பம், அகலவாட்டில்தான் அதிகம். அதிலும் மரத்தின் வளையங்களை ஒட்டிய போக்கில் உண்டாகும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் உண்டாவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை கோணுவதும் கட்டை வெடிப்பதும் இதனாலேயே.

இந்த இரகசியத்தைக் கள்ளக்குறிச்சி மரச் சிற்பிகளைவிட நன்கு அறிந்தவர்கள் யார்? மேற்கே கல்வராயன் மலை அரணாக நிற்கும் இவ்வூர், 2019-ஆம் வருஷம் விழுப்புரத்திலிருந்து பிரிந்த தனி மாவட்டத்தின் தலைநகர். இவ்வட்டாரத்து மரச் சிற்பங்கள் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. ஈர மரத்தில் ஒரு தெய்வத் திருமுகத்தைச் செதுக்கினால், அது உலரும்போது நெற்றியிலேயே வெடிப்பு ஓடலாம். அத்தனை நாள் உழைப்பும் வீண்! ஆகையால் சிற்பிக்கு மரத்தின் பதம் முதலில், உளி பிறகுதான். வீட்டுத் தச்சு வேலைக்கும் இதுவே நீதி.

புதுப் பலகை வாங்கினால் உடனே அறுக்க வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்குங்கள். இரு முனைகளிலும் வர்ணம் பூசுங்கள். முனைகள் முந்தி உலர்ந்து பிளப்பது குறையும். ஒரு துண்டை வாரந்தோறும் தராசில் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் பதமாயிற்று என்று கொள்ளலாம்.

பிடிக்கும் கதவுக்கு முதல் வைத்தியம் கீலில்தான். திருகாணி தளர்ந்திருந்தால் கதவு தொங்கி நிலையில் உராயும். திருகாணி பிடிக்காத துளையில் மரப் பசை தோய்த்த சிம்பைச் செருகி, உலர்ந்தபின் முடுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், நிலையில் சுண்ணக்கட்டி தேய்த்துக் கதவைச் சாத்துங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடமே குற்றவாளி. அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டிவிடுங்கள். உராய்ந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். தை, மாசியில் மரம் உலர்ந்தபின், அவசியமானால் மட்டும், குறித்த இடத்தில் கொஞ்சமாக இழைக்கலாம். பின் நான்கு ஓரங்களுக்கும் வர்ணம் பூசுங்கள். கதவின் அடி ஓரம் கண்ணில் படாததால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்; ஈரம் அவ்வழியே தாராளமாக ஏறுகிறது.

இழைக்கும்போது மரத்தின் ரேகை ஏறும் திசையில் தள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளினால் சிராய் கிளம்பும். உளியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். மழுங்கிய உளிக்குப் பலம் அதிகம் கொடுக்க நேர்வதால், அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். மற்றொரு கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

தேக்கு நன்கு முதிர ஐம்பது, அறுபது வருஷம் ஆகிறது. பாட்டனார் காலத்து வைரம் பாய்ந்த கதவை ஒரு மழையின் கோபத்தில் சீவித் தள்ளிவிட்டு, நாளைக்கு அதைப்போல் ஒன்று வாங்கக் கடைகடையாய் அலைவானேன்? நான்கு மாதப் பொறுமையும் ஒரு மெழுகுவத்தியும் போதுமே!