இணைப்பை விழுங்குவது எது?

ஊரிலிருந்து பாட்டி காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென அவர் முகம் அசைவற்று நிற்கிறது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் இணைப்பு நிரம்பி வழிகிறது. அதனை நிரப்புவது எது?

இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. நாம் ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது, வந்து சேர்ந்த பொதிகளுக்குக் ‘கிடைத்தது’ என்னும் மறுமொழியை நம் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கும். அம்மறுமொழி தாமதமானால் அனுப்பும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, வெளியே செல்லும் வழி அடைபட்டால் உள்ளே வரும் வழியும் மந்தமாகிவிடும். பல வீடுகளில் வெளிச்செல்லும் வழியே குறுகலானது. இதனை அறியாதார் பதிவிறக்கத்தை மட்டும் ஆராய்ந்து ஏமாறுவர்.

காரணத்தைக் கண்டறிய விலக்கிப் பார்க்கும் முறையே சிறந்தது. எல்லாக் கருவிகளையும் நீக்கிவிட்டு, ஒரு கணினியை மட்டும் கம்பி வழியாக ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அப்போதும் மந்தமெனில், கோளாறு அக்கணினியிலோ ரௌட்டரிலோ வெளியிலோ உள்ளது. வேகம் மீண்டால், பிற கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அளக்க வேண்டும். எதைச் சேர்த்ததும் வேகம் சரிகிறதோ, ஐயம் அதன்மீதே விழும். பெரும்பாலும் காரணம் தீங்கற்றதாகவே இருக்கும்: அப்பாவின் கைப்பேசி, திருமணப் படங்கள் அனைத்தையும் தானாகவே இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும்!

சில வேளைகளில் அவ்வாறன்று. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் பரவியது. ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் அது தேடிப் பிடித்தது. பலரும் அறிந்த சில பத்துக் கடவுச்சொற்களே அதற்குத் திறவுகோல்களாயின. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, அக்கருவிகள் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின்மீது பொதிகளைப் பொழிந்தன. இணையதளப் பெயர்களுக்குரிய எண்முகவரிகளைத் தெரிவிப்பது அந்நிறுவனத்தின் பணி. அது திணறியதால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. தம் வீட்டுக் கேமராவும் அத்தாக்குதலில் பங்கு கொண்டதை உரிமையாளர் பலர் அறியவே இல்லை.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். மின்சாரத்தை நிறுத்தினால் அழியும். ஆனால், பழைய கடவுச்சொல்லுடன் மீண்டும் இணைத்தால் சில நிமிடங்களிலேயே திரும்ப நுழையக்கூடும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் ரௌட்டருக்கு வெளியிலிருந்து வரும் கம்பியைக் கழற்ற வேண்டும். அடுத்துக் கேமராவை அணைத்து இயக்கி, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதன் பின்னரே கம்பியைச் செருக வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வழியே இல்லாத மலிவான கேமராக்களும் உண்டு. அவற்றை இணையத்தில் சேர்க்காதிருப்பதே நன்று.