இணைய வேகமும் வரிசைத் தாமதமும்

பிராட்பேண்டு எனப்படும் அகன்ற அலைவரிசை இணைப்பின் தரத்தை நாம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைக் கொண்டே மதிப்பிட்டு வருகிறோம். செகண்டுக்கு எத்தனை மெகாபிட் என்பதே அந்த எண். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் 2023 ஜனவரியில், குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் உடைய இணைப்பே பிராட்பேண்டு என வரையறுத்தது. இவ்வளவுகோல் தேவையானதே, ஆனால் போதுமானதன்று. ஒரே இல்லத்தில் ஒருவர் படக்காட்சியொன்றை அனுப்பத் தொடங்கியதும், அடுத்த அறையில் இணையவழி மருத்துவ ஆலோசனை பெறுபவருக்கு மருத்துவரின் குரல் அறுபட்டுப் போவதை வேகக் கணக்கு மட்டும் விளக்கிவிடாது.

இணையத்தில் செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டுச் செல்கின்றன. வெளியேறக்கூடியதைவிட மிகுதியாக வந்து சேரும் பொட்டலங்களை ரவுட்டர் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. இந்நினைவகமே பஃபர். கணநேர ஏற்றத்தாழ்வுகளைச் சமாளிக்க இது ஓரளவு இன்றியமையாதது. கிடங்கு இல்லாத வாணிபம் ஏது? ஆயினும், எப்போதும் நிரம்பி வழியும் கிடங்கு சரக்கு தேங்கிவிட்டதற்கே அடையாளம். 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் இணைப்பில் 256 கிலோபைட் பஃபர் நிரம்பிவிட்டால், கடைசிப் பொட்டலம் வெளியேற ஏறத்தாழ 2 செகண்டு ஆகும். தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இந்நிலை உருவான விதம் பொருளாதார மாணவர்களுக்குச் சுவை பயப்பது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும், 400 கஜ தொலைவிலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே தகவல் போக்குவரத்து செகண்டுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டார். அதன்படி அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தும்; ஒரு பொட்டலம் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள்ளும். அதாவது, இழப்பே நெரிசலின் அறிவிப்பு. சந்தையில் விலை ஆற்றும் பணியை இங்கு இழப்பு ஆற்றுகிறது.

பின்னர் நினைவகத்தின் விலை சரிந்தது. பொட்டல இழப்பைக் குறைபாடெனவே கருதிய உற்பத்தியாளர்கள் பஃபரைத் தாராளமாகப் பெருக்கினர். விளைவு, இழப்பு பிந்துகிறது; அறிவிப்பும் பிந்துகிறது; அனுப்பும் கணினியோ வரிசையை மேலும் நிரப்பிக்கொண்டே போகிறது. விலையை உயரவிடாமல் தடுத்தால் பற்றாக்குறை மறைவதில்லை, வரிசைதான் நீள்கிறது. ரேஷன் கடை முன் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2010-இல் அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது தாமதம் ஒரு செகண்டையும் கடந்ததைக் கண்டார். இக்கோளாறு 'பஃபர்ப்ளோட்', அதாவது பஃபர் வீக்கம், என்னும் பெயரால் அறியப்பட்டது அதன் பின்னரே.

வரிசை நிரம்பும் முன்பே சில பொட்டலங்களைக் கைவிடும் யோசனையை சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இலேயே முன்வைத்தனர். ஆனால் அதன் அளவுகளைப் பொருத்தமாக நிர்ணயிப்பது கடினமாக இருந்தமையால் அது பரவலாகவில்லை. 2012-இல் கேத்லீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும் வகுத்த 'கோடெல்' முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பொட்டலம் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லிசெகண்டுக் காலம் முழுவதும் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் குறையாதிருந்தால் பொட்டலங்களைக் கைவிடத் தொடங்குகிறது. இதனோடு ஒவ்வொரு போக்குவரத்தையும் தனித்தனி வரிசையில் நிறுத்தும் ஏற்பாடும் இணைந்தபோது, பெருங்கோப்பின் பின்னால் குரல் பொட்டலம் நிற்க வேண்டிய அவசியம் நீங்கியது. 2012 முதல் லினக்ஸில் இவ்வசதி உண்டு.

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் இத்தகைய தாமதம் நேர்ந்தபோது, இணைப்பு வழங்கிய நிறுவனம் கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறுமாறு அறிவுறுத்தியது. மாதக் கட்டணம் உயர்ந்ததே தவிர, கோப்பு அனுப்பும் நேரத்துத் தாமதம் முன்போலவே இருந்தது. ரவுட்டரில் இம்முறையை இயக்கி, அனுப்பும் வேக வரம்பை இணைப்பின் உண்மை வேகத்தில் 90 சதவீதமாக நிர்ணயித்த பின்னரே குரல் சீரடைந்தது. வரம்பைக் குறைத்து வைப்பது, வரிசை மோடத்தில் சேராமல் நம் கட்டுப்பாட்டிலுள்ள ரவுட்டரிலேயே சேர வேண்டும் என்பதற்காக. பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுப்பதே இதன் விலை. கம்பியில்லா வைஃபை அலையிலேயே வரிசை தேங்கினால் இவ்வரம்பு பயன் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நிலையில், கொள்முதல் ஒப்பந்தப்புள்ளிகளில் வேகத்துடன் 'முழுச் சுமையின்போது தாமதம்' என்னும் வரியொன்றையும் சேர்க்கலாம். சரிபார்ப்பதும் எளிது. இணைப்பு சும்மா இருக்கும்போது ஒருமுறை 'பிங்' சோதனை செய்து, பெரிய கோப்பொன்றை அனுப்பிக்கொண்டே மறுமுறை செய்தால் போதும். இரண்டாவது அளவு முதலாவதைவிடப் பன்மடங்கு உயர்ந்தால், பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும் முன் ரவுட்டரின் அமைப்பைத் திருத்தித் தருமாறு கோரலாம்.