கட்டி போன பிறகும் ஏன் இந்தக் கசிவு?

"கட்டிய எடுத்தாச்சுல்லா டாக்டர், மாத்திரையும் விடாமப் போடுதேன். பெறவு எதுக்கு இந்த ரத்தம்?"

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருவர் மகப்பேறு மருத்துவரிடம் இப்படிக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. சினைப்பையில் இருந்த 'சாக்லேட் கட்டி'யை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டார்கள். தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களில் உள்ளாடையில் பழுப்புக் கறை. ஒரு நாள் படும், மறுநாள் இருக்காது, அப்புறம் பத்து நாள் விடாது. கட்டி திரும்பிவிட்டதோ, ஆபரேஷனில் ஏதும் பிசகோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடத் தோன்றும். உண்மையான ஆபத்து அப்படி நிறுத்துவதில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டி உருவாவது இப்படி: கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையில் வேரூன்றுகிறது. மாதந்தோறும் அங்கேயே ரத்தம் கசிந்து, வெளியேற வழியின்றிப் பழுப்புக் குழம்பாகத் தேங்குகிறது. அமெரிக்காவில் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் இந்தக் கட்டிகளை விரிவாக விவரித்தார். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டியை எடுத்தாலும் கண்ணுக்குப் படாத துணுக்குகள் உள்ளே தங்கிவிடலாம். அறுவைக்குப் பின் 2 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், 5 ஆண்டுகளில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் நோய் திரும்புவதாக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உடனே குழந்தைக்கு முயலாத பெண்களுக்கு அறுவைக்குப் பின் நீண்டகால ஹார்மோன் சிகிச்சை தரலாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் கழகத்தின் 2022 வழிகாட்டி சொல்வது இதனால்தான்.

அப்படித் தரப்படும் மாத்திரைகளில் இன்று பரவலானது டையனோஜெஸ்ட், தினம் 2 மில்லிகிராம். 1979இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரில் உருவான மருந்து. உடலில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்து, முட்டை வெளிவருவதை அடக்கி, ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, நோய்த் திசுவை வாடவைக்கும்.

ரத்தத்தைக் குறைக்கவேண்டிய மருந்தே ஏன் கசியவைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை உதவும். மாதவிலக்கின்போது கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசைப்பட்ட மார்க்கி என்ற ஆய்வாளர், ரீசஸ் குரங்குகளின் கருப்பை உட்சவ்விலிருந்து சிறு துண்டுகளை எடுத்து அதே குரங்குகளின் கண்ணுக்குள் பதித்தார். விழியின் முன்புறம் கண்ணாடி போன்றது. அதன் வழியே, அந்தத் துண்டுகள் மாதந்தோறும் தடித்து, வெளிறி, ரத்தம் கசிவதைப் பார்த்தார். 1940இல் அவர் வெளியிட்ட விவரத்தின் சாரம் இதுதான்: ஹார்மோன் அளவு சரிந்ததும் சுருள் வடிவத் தமனிகள் இறுகிக்கொள்கின்றன, சவ்வு பட்டினி கிடக்கிறது, தமனிகள் மறுபடி தளரும்போது ரத்தம் வருகிறது. ஆக, மாதவிலக்கு என்பது ஒழுங்கான நிகழ்ச்சி. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு.

தினம் மாத்திரை போடும்போது ஹார்மோன் சரிவதே இல்லை. எனவே அந்த ஒழுங்கும் நடப்பதில்லை. சவ்வு மெலிந்துகொண்டே போகிறது. சுருள் தமனிகள் சரியாக வளர்வதில்லை. மேற்பரப்பின் நுண்குழாய்கள் மட்டும் விரிந்து, சுவர் மெலிந்து, தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைகின்றன. சிற்றாற்றுப் பாசனக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: மாதவிலக்கு மடையைத் திறந்துவிடுவது, இது கரையில் ஊறிக் கசிவது.

ஐரோப்பாவில் இந்த மருந்தோடு வரும் தகவல் குறிப்பு தரும் எண்கள் எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகின்றன. முதல் 90 நாளில் 38 சதவீதம் பேருக்கு நீடித்த ரத்தக் கசிவு இருந்தது. ஓராண்டு முடியும் காலாண்டில் அது 4 சதவீதமாக இறங்கியது. ரத்தமே படாதவர்கள் தொடக்கத்தில் 2 சதவீதம்கூட இல்லை, கடைசியில் 28 சதவீதம். டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டும்போதே இந்த நாலு வரியைச் சொல்லி அனுப்பினால், பாதி மாத்திரை அட்டைகள் குப்பைக்குப் போகாது.

நம் பெண்களுக்கு இந்த மருந்துக் குடும்பம் புதிதல்ல. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் 'தள்ளிப்போடும் மாத்திரை' வாங்குகிறார்களே, அந்த நோரெதிஸ்டிரோன் இதற்கு உறவுதான். 1951இல் மெக்சிகோ நகரில் உருவானது. அதற்கு மூலப்பொருள் தந்தது மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு வகை. (அதே பேரினத்துக் கிழங்குகள் பொதிகை மலையிலும் உண்டு. ஆனால் அவற்றைத் தின்று ஹார்மோன் பெற முடியாது. அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும்.) சில நாள் போட்டால் தள்ளிப்போகிறது, நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில், மாதக்கணக்கில் போடும் மாத்திரையும் அப்படியே நடக்கும் என்று நம்புகிறோம். நடக்காதபோது கலங்குகிறோம்.

கார்த்திகையில் இந்தக் கலக்கம் கூடும். வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். குற்றாலம் ஐயப்ப பக்தர்களால் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் இருபது நாள் சொட்டுச் சொட்டாகப் படும் பெண்ணை எங்கே ஒதுங்கி இருக்கச் சொல்வது? மாதவிலக்குக்காக ஒரு பெண்ணை ஒதுக்குவதே தவறு என்பது என் எண்ணம். அதை ஏற்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே முட்டை வரவில்லை, மாதச் சுழற்சியும் நடக்கவில்லை. இது மருந்தின் பக்கவிளைவு. இதை நிறுத்துவதற்காகத் தள்ளிப்போடும் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவது கூடாது.

அருவிக் குளியலைப் பற்றியும் கேட்பார்கள். கறை படுவது குளிக்கத் தடையில்லை. வயிற்றுத் தையல் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை மட்டும் விழும் தண்ணீருக்கு அடியில் நிற்க வேண்டாம்.

ஆனால் எல்லாக் கசிவும் பொறுத்துப்போகத் தக்கதல்ல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், தலைசுற்றல், காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் தேவைப்படலாம். ஏனென்றால் டையனோஜெஸ்ட் கருத்தடைக்கென அங்கீகரிக்கப்பட்டது அல்ல. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயினும் கல்லீரலில் ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதே நோய்க்கு மாத்திரைக்குப் பதிலாக மாதம் ஒரு ஊசியாக லியூப்ரோலைடு போட்டவர்களுக்கு முதல் மாதத்தில் ஒருமுறை ரத்தம் போவது எதிர்பார்க்கக்கூடியதே.

இன்னொன்று ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் ரத்தமும் நஷ்டம்தான். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும்.

கசிவு நீடித்தால் மருத்துவரிடம் வழிகள் உண்டு. சில நாள் இடைவெளி, ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், குறுகிய காலத்துக்கு ஈஸ்ட்ரோஜன் என ஆளைப் பார்த்து முடிவு செய்வார். கறை பட்ட நாள்களையும், மாத்திரை தவறிய நாள்களையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை குறையும். குழந்தைக்குத் திட்டமிடும்போது அவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் 2 மாதங்களுக்குள் மாதவிலக்கு பழையபடி வந்துவிடும்.