அட்டை தீரும் முன்பே வர வேண்டிய மருந்து

ரத்தக் கொதிப்புக்கு நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படும் மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். அதை விழுங்கிய பிறகு ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. இந்த நேரத்தை மருந்தியலில் அரை ஆயுள் என்பார்கள். தினம் ஒன்று போட்டுவந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தத்தில் மருந்து ஒரே சீராக நிற்கத் தொடங்குகிறது. தைராய்டுக்குத் தரும் லெவோதைராக்சினுக்கு அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். வலிப்பு நோய்க்குத் தரும் லெவெடிராசிட்டமோ பெரியவர்களின் உடலில் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பாதியாகிவிடுகிறது. ஆகவே மாத்திரை அட்டை காலியாகி, அடுத்தது கைக்கு வர இரண்டு நாள் தாமதமானால், அந்த இரண்டு நாளும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தைராய்டுக்காரர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்; வலிப்புக்காரருக்கு மறுபடி வலிப்பு வந்துவிடலாம். ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் தரும் அடெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். வீட்டுக்கு மருந்து வரவழைப்பதை அலைச்சல் மிச்சம் என்று மட்டும் பேசுகிறோம். நாள்பட்ட நோய்க்காரருக்கு அது சிகிச்சையிலேயே ஒரு பங்கு. சரக்கு எவ்வளவு சீக்கிரம் வந்தது, எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்ப்பதைவிட, மருந்து இடைவெளி விடாமல் வந்ததா, கெடாமல் வந்ததா, விவரம் தெரிந்த ஒருவர் கண்பட்டு வந்ததா என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

இடைவெளி எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது: வளர்ந்த நாடுகளில்கூட நாள்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள். இதை நோயாளியின் அலட்சியம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. பிரஷர் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. மாத்திரையை நிறுத்தினால் அன்றைக்கே எதுவும் வலிப்பதில்லை. ஆனால் அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போவது உடனே தெரியும். முழங்கால் வலியோடு பேருந்து ஏற வேண்டிய மூதாட்டி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில் என்ன வியப்பு? இந்த இடத்தைச் சரியாகப் பிடித்ததுதான் தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கப்பட்டது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இதற்கு விருது தந்தது. இத்திட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் பையில் இருக்கும் கருவிகளைத்தான். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். அளவு எகிறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார். மருந்து வீடு தேடி வரும்போது அந்த மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கடையில் மருந்தாளுநர் நேரில் பார்த்துக் கொடுக்கும் பாதுகாப்பு வீட்டு விநியோகத்தில் போய்விடுமே என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்துச் சீட்டுக்குரிய மருந்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். அந்தச் சிறு முத்திரை வீண் சடங்கல்ல. அதே சீட்டைக் காட்டி இன்னொரு கடையில் தூக்க மாத்திரை வாங்க முடியாமல் தடுப்பது அதுதான். கைபேசியில் அனுப்பும் படத்தின் மேல் முத்திரை குத்த முடியாது. ஒரே படம் பத்து இடத்துக்குப் போகலாம். இணைய மருந்து விற்பனைக்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த விதிகள் முறைப்படி அறிவிக்கப்படும்வரை விற்பனை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதே ஆண்டு டிசம்பரில் சொன்னதும், சில வாரங்களில் இரு நீதிபதி அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்ததும் இந்தக் குழப்பத்தின் விளைவுதான். ஆனால் குழப்பத்துக்கு ஒரு தீர்வின் வடிவம் 2020 மார்ச் 26 அறிவிக்கையில் கிடைக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த அந்த அறிவிக்கை, உரிமம் பெற்ற சில்லறைக் கடைகள் தங்கள் வருவாய் மாவட்டத்துக்குள் மருந்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதித்தது. நாள்பட்ட நோய்க்கான சீட்டு என்றால் எழுதிய 30 நாளுக்குள், திடீர் நோய்க்கான சீட்டு என்றால் 7 நாளுக்குள் காட்ட வேண்டும். போதை தரும் மருந்துகளையும், மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ள வீரியமான ஆன்டிபயாடிக்குகளையும் அது அனுமதிக்கவில்லை. பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வரட்டும், தூக்க மாத்திரைக்கு நேரில் வாருங்கள் என்ற இந்தப் பாகுபாடு சரியானது. நிரந்தர விதியிலும் இருக்க வேண்டியது. தெருமுனைக் கடைக்காரரின் பிழைப்பு பற்றிய கவலைக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. நம்மையும் நம் பழைய சீட்டுகளையும் தெரிந்த அந்தக் கடையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமே.

வெயில் பற்றிய ஆட்சேபணையைத்தான் எளிதில் ஒதுக்க முடியாது. இன்சுலின் ஒரு புரதம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டுக்கு எடுத்த பின், பெரும்பாலான வகைகளை அதிக வெப்பமில்லாத அறையில் ஏறக்குறைய 4 வாரம் வைத்துக்கொள்ளலாம். சூட்டில் அதன் மூலக்கூறுகள் உருக்குலைந்து நூல்போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மே மாதத்து மத்தியானத்தில் இரு சக்கர வண்டியின் பெட்டியில் கிடக்கும் குப்பிக்கு இதுதான் ஆபத்து. பலர் கவனிக்காத எதிர் ஆபத்தும் உண்டு: உறைந்த ஐஸ் பையோடு ஒட்டிக் கிடந்தால் இன்சுலின் உறைந்துபோகும். உறைந்து உருகியதை ஊசியில் ஏற்றக் கூடாது; பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் வீரியம் போயிருக்கலாம். ஐஸ் பைக்கும் குப்பிக்கும் நடுவே அட்டையோ பஞ்சோ வைத்துக் கட்டியிருக்கிறதா என்பதைக் கொண்டே அனுப்பியவருக்குத் தொழில் தெரியுமா என்று சொல்லிவிடலாம். குளிர்ச்சியை இப்படிக் காக்க முடியாதவர்கள் இன்சுலினை அனுப்பவே கூடாது.

பொட்டலம் கைக்கு வந்ததும் வாசலிலேயே இரண்டு நிமிடம் செலவிடுங்கள்.  உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் சீட்டோடு பொருந்த வேண்டும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அழியாமல், வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். விலைச்சீட்டில் இருக்கும் தொகுதி எண்ணும் அட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் உறையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் குறியீடோ பார்கோடோ கட்டாயம். அதைக் கைபேசியில் வருடினால் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். மாறுபட்டால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள்.