முப்பது ஏன் தப்பியது?

மதிப்பெண்கள் நான்கு: 72, 28, 30, 90. இதில் 35-க்குக் கீழே உள்ளவற்றை நீக்க வேண்டும். ப்ளஸ் டூ கணினி அறிவியல் வகுப்பில், பைத்தானின் லிஸ்ட் பாடம் முடிந்ததும் நான் கொடுக்கும் முதல் கணக்கு இதுதான். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதுவார்கள். ஃபார் லூப்பில் ஒவ்வோர் எண்ணாக எடு. 35-க்குக் குறைவா என்று பார். குறைவென்றால் ரிமூவ் போட்டு நீக்கு. வாசித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஓட்டினாலும் எர்ரர் வராது. ஆனால் திரையில் வந்து நிற்பது 72, 30, 90.

"மிஸ், 28 போயிடுச்சு, 30 மட்டும் எப்படி மிஸ் தப்பிச்சுது?"

"நோட்டை எடு, ட்ரை ரன் போடு" என்பேன். கணினியை ஓட்டாமல், ஒவ்வொரு சுற்றிலும் என்ன நடக்கிறது என்று கையால் எழுதிப் பார்ப்பதற்குத்தான் ட்ரை ரன் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பிடிக்காத வேலை. ஆனால் லூப் புரிய வேறு குறுக்குவழி கிடையாது.

லிஸ்ட்டில் இடங்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. நான்கு மதிப்பெண்ணுக்கு 0, 1, 2, 3. இடம் 4-ஐக் கேட்டால், அப்படி ஓர் இடமே இல்லை என்று பைத்தான் சண்டைக்கு வரும். ஃபார் லூப் நினைவில் வைத்திருப்பது இந்த இட எண்ணைத்தான். இடம் 0-இல் 72, தேறிவிட்டது. இடம் 1-இல் 28, நீக்கியாயிற்று. நீக்கிய அந்த நொடியிலேயே 30 இடம் 1-க்கும், 90 இடம் 2-க்கும் நகர்ந்துவிட்டன. லூப் அது தெரியாமல் இடம் 2-க்குப் போகிறது. அங்கே இருப்பது 90. 30-ஐ அது பார்க்கவே இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகியதும் பின்னால் நிற்பவர் ஓரடி முன்னால் வருகிறார். அதே நேரம் கார்டு பார்ப்பவரும் ஓரடி பின்னால் போனால் ஓர் ஆள் விடுபடத்தானே செய்வார்?

லூப் ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டில் கை வைக்கக் கூடாது, இதுதான் பாடம். புதிதாக ஒரு காலி லிஸ்ட் வைத்துக்கொண்டு, 35-உம் அதற்கு மேலும் உள்ளவற்றை அப்பெண்ட் போட்டு அதில் சேர்த்தால் போதும். பழைய லிஸ்ட் பத்திரமாக இருக்கும், விடையும் சரியாக வரும்.

நோட்டில் போடும் ட்ரை ரன்னைக் கணினியிடமும் வாங்கலாம். லூப்புக்குள் கடைசி வரியாக, லிஸ்ட்டை அப்படியே பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். பைத்தானில் ஒரு வரி லூப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை இடது ஓரத்து இடைவெளிதான் முடிவு செய்கிறது. நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி எழுதினால் சுற்றுக்கு ஒரு முறை அச்சிடும். ஓரத்தோடு ஒட்டி எழுதினால் எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், அதற்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஏபிசி என்ற கற்பிக்கும் மொழியில் வேலை பார்த்தவர். 1991-இல் வெளியான பைத்தானுக்கு இந்த இடைவெளி வழக்கம் ஏபிசியிலிருந்துதான் வந்தது. பிரிண்டை உள்ளே தள்ளி நம் மதிப்பெண் கணக்கை ஓட்டிப் பாருங்கள். நான்கு எண்ணுக்கு நான்கு வரி வர வேண்டிய இடத்தில் மூன்றே வரிதான் வரும். எங்கே கோட்டை விட்டோம் என்பதை அந்த மூன்று வரி காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு பொறி, சார்ட். ஒரு லிஸ்ட்டில் சார்ட் போட்டால் அது இருந்த இடத்திலேயே வரிசையாகிவிடும். திருப்பித் தருவது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையை எடுத்து லிஸ்ட்டின் பெயரிலேயே வைத்துவிட்டு, "மார்க்கெல்லாம் காணோம் மிஸ்" என்று வந்து நிற்பவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். வரிசைப்படுத்திய புதிய லிஸ்ட் வேண்டுமென்றால் அதற்கு சார்ட்டட் இருக்கிறது.

மதிப்பெண் கணக்கு சலித்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல்லை லூப்பில் விட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் ஐந்து சுற்று சுற்றும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் அவை ஐந்து தனிக் குறியீடுகள். இந்த ஐந்தையும் திருப்பிப் போட்டால், முதலில் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளியும், பிறகு 'ழிமத' என்று ஒரு விநோதமும் வரும்.

இந்த ஐந்து குறியீடுகளை மூன்று எழுத்தாகச் சேர்ப்பதுதான் என் வகுப்பில் கடைசிக் கணக்கு. காலி லிஸ்ட் ஒன்றில் தொடங்குங்கள். வருவது எழுத்தானால் அப்பெண்ட் செய்யுங்கள். குறியோ புள்ளியோ ஆனால், லிஸ்ட்டின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள். கடைசி உறுப்பின் இட எண் -1. விடையில் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன், ஐந்து சுற்றுக்கும் நோட்டில் ஐந்து வரி எழுதிவிடுங்கள்.