சுவரோரம் ஒரு கீரைப் பாத்தி!

"ரத்தம் கம்மியா இருக்கும்மா... கீரை நிறைய சேர்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். அப்புறம்? காலை பரபரப்பில் கீரை வாங்க நேரமில்லை. சாயங்காலம் கடைக்குப் போனால் வாடி வதங்கிய கட்டுதான் கிடைக்கிறது. அதை ஆய்ந்து, அலசி... 'சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறீர்கள். மூன்றாம் நாள் அது குப்பைக்குப் போகிறது. உண்மைதானே?

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை! படித்தவர், படிக்காதவர், வசதியுள்ளவர், இல்லாதவர் என்று எல்லாத் தரப்பிலும் இது இருக்கிறது.

"கீரை போடணும்னு ஆசைதான். ஃப்ளாட்டில் மண்ணுக்கு எங்கே போறது?" என்கிறீர்களா? தரையில்தான் இடமில்லை. பால்கனியில் உயரம் இருக்கிறதே! அதைப் பயன்படுத்துங்கள்.

எப்படிச் செய்வது?

6 அங்குல அகலம், 5 அடி உயரத்தில் ஒரு பி.வி.சி. பைப் வாங்குங்கள். பழக்கமான பிளம்பரிடம் கொடுத்து, மூன்று பக்கமும் 8 அங்குல இடைவெளியில் கீறல் போடச் சொல்லுங்கள். கீறிய இடத்தைச் சூடு காட்டி வெளிப்பக்கம் இழுத்துவிட்டால், சின்னப் பை மாதிரி வாய் திறந்துகொள்ளும். (இந்த வேலையை மொட்டை மாடியில் செய்யட்டும். அந்தப் புகை நல்லதல்ல.) ஒரே பைப்பில் 18 செடிகளுக்கு இடம் கிடைத்துவிடும். அடி மூடியில் தண்ணீர் வடிய நாலைந்து ஓட்டை அவசியம்.

பைப்பின் நடுவே, உடம்பெல்லாம் ஊசித்துளை போட்ட 1 அங்குலக் குழாய் ஒன்றை நிறுத்துங்கள். அதில் தண்ணீர் ஊற்றினால் மேல் செடிக்கும் கீழ்ச் செடிக்கும் போய்ச் சேரும். செம்மண், மண்புழு உரம், நர்சரியில் கட்டியாக விற்கும் கோகோபீட் - மூன்றையும் சம பங்கு கலந்து சுற்றிலும் நிரப்புங்கள். வெறும் மண்ணைப் போட்டால் இறுகிவிடும், கனமும் தாங்காது.

ஒரு எச்சரிக்கை: ஈரத்தோடு இது 30 கிலோவை நெருங்கும். கற்கள் நிரப்பிய தொட்டியில் நிறுத்தி, கிரில்லோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடவே கூடாது!

எதை, எங்கே?

மேல் அடுக்கு சீக்கிரம் காயும். கீழ் அடுக்கில் ஈரம் தங்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேலே வெந்தயக்கீரை, சிறுகீரை. நடுவில் அரைக்கீரை, கொத்தமல்லி. கீழே புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை.

விதைக்கு அலைய வேண்டாம். அஞ்சறைப் பெட்டி வெந்தயமே முளைக்கும். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். கடையில் வாங்கிய புதினா, பொன்னாங்கண்ணியில் முற்றிய தண்டுகளைச் செருகினாலே வேர் பிடிக்கும். வெந்தயக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் கைக்கு வந்துவிடும். அரைக்கீரையை அடியோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

சாலட்டுக்குப் போடும் லெட்யூஸ் வேண்டுமா? சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் கார்த்திகை முதல் மாசி வரை முயற்சி பண்ணலாம். வெயில் ஏறினால் பூத்து, இலை கசந்துவிடும். தக்காளி, கத்தரிக்கு இந்தப் பை போதாது. அவற்றுக்குத் தனித் தொட்டிதான் சரி.

தினம் 4 மணி நேரமாவது வெயில் விழும் பக்கமாகப் பாருங்கள். விரலை விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பறித்தால் போதும்.

அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவே விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அது போதும்! இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இதில் என்ன லாபம்?

ஒரு பைப் உங்கள் குடும்பத்துக்குத் தினமும் கூட்டும் பொரியலும் தந்துவிடாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் வரை கீரை தேவை என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் கணக்கு. அதற்குக் கடைக் கீரையும் வேண்டும். ஆனால் பறித்த நிமிடத்திலிருந்து கீரையில் வைட்டமின் சி குறைய ஆரம்பிக்கிறது. வாட வாட இன்னும் குறையும். இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுவதே அந்த வைட்டமின் சி தான். பால்கனியில் கிள்ளி, ஐந்தே நிமிடத்தில் சட்டிக்கு வரும் கைப்பிடிக் கீரையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, கண் முன்னால் துளிர்த்து நிற்கும் கீரையை 'நாளைக்கு' என்று தள்ளிப்போட மனசு வராது!

கவனிக்க...

* கீரையை நன்றாக அலசிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பின் அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

* சமைத்து இறக்கியதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்.

* சாப்பிட்ட உடனே காபி, டீ வேண்டாம். அவை இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

* பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்குப் புதுச் சாணம் போடாதீர்கள்.

* சிறுநீரகக் கல் உள்ளவர்கள், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரையின் அளவைக் கூட்டக் கூடாது.

முக்கியமாக ஒன்று: கீரை உணவு, மருந்தல்ல. டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை 'அதான் கீரை சாப்பிடறேனே' என்று நிறுத்திவிடாதீர்கள். அதிக உதிரப்போக்கு, குடலில் கொக்கிப்புழு என்று ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. அதைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவது டாக்டர் வேலை. உங்கள் வேலை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி வெந்தயத்தை ஊறப்போடுவது!